மெல்பர்ன் ஒயின் பாரில் விக்டோரியா ஒயினும் சாப்பாடும்: எதை, எப்படி ஆர்டர் செய்வது?

கேள்வி இது: மெல்பர்ன் நகர மையத்து ஒயின் பார்களில் பட்டியலைத் திறந்தாலே தலை சுற்றுகிறது. விக்டோரியா மாநிலத்து ஒயின்களை மட்டும் எடுத்து, அங்கே கிடைக்கும் சாப்பாட்டோடு சேர்த்து, ஒரு மாலையை எப்படித் திட்டமிடுவது? நம் ஊர்ச் சாப்பாட்டோடு எது போகும்?

சுருக்கமான பதில்: முதலில் சாப்பாட்டை முடிவு செய்யுங்கள். அப்புறம் பட்டியலில் திராட்சையின் பெயருக்குப் பக்கத்தில் அச்சாகியிருக்கும் ஊர்ப் பெயரைப் பாருங்கள். அந்த ஊர் எவ்வளவு குளிர் என்பது தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. விக்டோரியா சின்ன மாநிலம். ஆனால் கடற்காற்று அடிக்கும் மார்னிங்டன் தீபகற்பத்துக்கும் முர்ரே ஆற்றங்கரையில் வெயில் கொளுத்தும் ரதர்க்ளெனுக்கும் உள்ள வித்தியாசம் மிகப் பெரியது. ஒரே ஷிராஸ் திராட்சை ஓர் ஊரில் மிளகு மணத்தோடு இலேசாகவும், இன்னோர் ஊரில் பழக்கூழ் போலக் கனமாகவும் வருகிறது. "ஷிராஸ் ஒரு கிளாஸ்" என்று மட்டும் கேட்பவருக்கு எது வரும் என்பது அதிர்ஷ்டம்தான்.

முதலில் இடம். மெல்பர்னில் 1966 வரை மாலை 6 மணிக்கே மதுக்கடைகள் மூடப்பட்டன. பொருளியலாளர் ஜான் நியூவன்ஹைசன் 1986இல் கொடுத்த அறிக்கைக்குப் பிறகு உரிமச் சட்டம் தளர்ந்தது. முழுச் சாப்பாடு விற்காமலே சிறிய பார் நடத்த வழி பிறந்தது. சந்துகளுக்குள் ஒளிந்திருக்கும் பார்கள் பெருகியது அதன் விளைவு. லைகன் தெருவில் ஜிம்மி வாட்சன்ஸ் 1935இலேயே ஒயினுக்கென்று தொடங்கிய இடம். நாடாளுமன்றத்துக்கு எதிரே ஸ்பிரிங் தெருவில் உள்ள சிட்டி ஒயின் ஷாப், ரஸ்ஸல் தெருவின் எம்ப்லா, ஃபிட்ஸ்ராய் பகுதி கெர்ட்ரூட் தெருவின் மேரியன் ஆகியவை பலரும் சொல்லும் பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் தனி முகம் உண்டு. சிட்டி ஒயின் ஷாப்பில் அலமாரிப் பாட்டிலை வீட்டுக்கும் வாங்கிப் போகலாம், அங்கேயே கூடுதல் கட்டணம் கொடுத்துத் திறக்கவும் செய்யலாம். எம்ப்லாவில் விறகடுப்புச் சமையல் பிரதானம், ஆகவே புகை மணத்தோடு ஒத்துப்போகும் ஒயின் வேண்டும்.

வெள்ளி, சனி இரவு 7 மணிக்கு இரண்டு பேருக்கு மேல் போவதென்றால் முன்பதிவு செய்துவிடுங்கள். முன்பதிவு கிடைக்காவிட்டால் மாலை 5 மணிக்குப் போய்க் கவுண்டர் நாற்காலியில் உட்காருங்கள். கற்றுக்கொள்ள அதைவிட நல்ல இடம் இல்லை. ஊற்றுகிறவர் எதிரிலேயே நிற்பார், திறந்திருக்கும் பாட்டில்கள் கண்ணெதிரே இருக்கும். 18 வயது ஆகியிருக்க வேண்டும். இளமையாகத் தெரிகிறவர்கள் பாஸ்போர்ட் அல்லது ஓட்டுநர் உரிமம் எடுத்துப் போவது நல்லது.

கிளாஸ் பொதுவாக 150 மில்லி. நல்ல விக்டோரியா ஒயின் ஒரு கிளாஸ் 15 முதல் 22 டாலர் வரை இருக்கும். பல இடங்களில் 75 மில்லி அரைக் கிளாஸ் கேட்டால் கொடுப்பார்கள், பட்டியலில் எழுதியிருக்காவிட்டாலும் கேட்டுப் பாருங்கள். சாப்பாட்டோடு பொருத்திப் பார்க்க நினைப்பவருக்கு அரைக் கிளாஸ்தான் சரி. ஞாயிறும் பொது விடுமுறையும் பில்லில் 10 முதல் 15 சதவீதம் கூடுதல் கட்டணம் சேர்வது வழக்கம். அது மெனுவின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும். டிப்ஸ் கட்டாயம் இல்லை.

ஆர்டர் செய்யும்போது ஒயின் பெயர் தெரியாவிட்டாலும் மூன்று விஷயம் சொன்னால் போதும்: என்ன சாப்பிடப் போகிறீர்கள், புளிப்பு பிடிக்குமா பிடிக்காதா, கிளாஸுக்கு எவ்வளவு கொடுப்பீர்கள். "கிங்ஃபிஷ் மீன் பச்சையாகச் சொல்லியிருக்கிறேன், புளிப்பு தூக்கலாக இருந்தால் பரவாயில்லை, விக்டோரியா ஒயின், 18 டாலருக்குள்" என்று சொன்னால் எந்த நல்ல பாரிலும் சரியான கிளாஸ் வரும். விலையைச் சொல்லத் தயங்க வேண்டாம். சொல்லாவிட்டால்தான் தர்மசங்கடம். திறந்திருக்கும் பாட்டிலில் ஒரு வாய் ருசி பார்க்கக் கேட்பதும் சாதாரணம். ஆனால் ஐந்தாறு ஒயினை அப்படிக் கேட்பது மரியாதை இல்லை, இரண்டோடு நிறுத்துங்கள்.

இனி ஊர்கள். நகரத்திலிருந்து ஒரு மணி நேரப் பயணத்துக்குள் இருக்கும் யாரா பள்ளத்தாக்கும் மார்னிங்டனும் பினோ நுவார் என்ற சிவப்பு ஒயினுக்கும் ஷார்டனே என்ற வெள்ளை ஒயினுக்கும் பெயர் பெற்றவை. யாராவில் 1838இலேயே திராட்சைக் கொடி நட்டார்கள். பிறகு மக்களின் ருசி பிராந்தி கலந்த இனிப்பு ஒயின் பக்கம் போனது, நிலம் மாட்டுப் பண்ணையாக மாறியது, 1960களின் இறுதியில்தான் மறுபடி திராட்சைக் கொடி வந்தது. மெசடன் மலைப்பகுதி இன்னும் குளிர். அங்கிருந்து வரும் ஸ்பார்க்ளிங் (குமிழி பொங்கும்) ஒயினில் எலுமிச்சையைக் கடித்த மாதிரிப் புளிப்பு. தென்மேற்குக் கோடியில் ஹென்டி, கடலோரக் குளிரில் விளையும் ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயினுக்காகத் தேட வேண்டிய பெயர். வடகிழக்கில் கிங் பள்ளத்தாக்கில் இத்தாலியிலிருந்து குடியேறிய குடும்பங்கள் முன்பு புகையிலை பயிரிட்டன. இப்போது இத்தாலிய வகைகள்: குமிழி பொங்கும் வெள்ளை ஒயினான புரொசெக்கோ, சிவப்பு ஒயின்களான சாஞ்சியோவேசே, நெபியோலோ. நகம்பியில் டாபில்க் பண்ணையில், மார்சான் என்ற வெள்ளைத் திராட்சைக் கொடிகளில் ஒரு பகுதி 1927இல் நட்டது. இவ்வளவு வயதான மார்சான் கொடி உலகில் அபூர்வம்.

ஷிராஸ் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் சமையலுக்கு மிக நெருக்கமான விஷயம் அதில்தான் இருக்கிறது. மிளகின் மணத்துக்குக் காரணமான ரோடன்டோன் என்ற சேர்மமே குளிர்ப் பகுதி ஷிராஸிலும் இருக்கிறது. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இதை 2008இல் வெளியிட்டார்கள். சிவப்பு ஒயினில் லிட்டருக்கு 16 நானோகிராம் இருந்தாலே மூக்குக்குத் தெரியும். அது பழத்தின் தோலில் உண்டாகிறது. பழம் 25 டிகிரிக்கு மேல் சூடாகும் நேரம் கூடக்கூட அதன் அளவு குறைகிறது. அதனால்தான் கிராம்பியன்ஸ் மலையடிவாரத்து ஷிராஸில், குறிப்பாக மவுண்ட் லாங்கி கிரான் போன்ற தோட்டங்களில், அப்போதுதான் இடித்த மிளகு மாதிரி மணம் வருகிறது. வெப்பமான ஊர்களில் அது மங்கிப் போகிறது. இன்னொன்று: ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு ரோடன்டோன் மணம் தெரிவதே இல்லை. ஒரே கிளாஸை முகர்ந்துவிட்டு ஒருவர் "மிளகு" என்றும் இன்னொருவர் "ஒன்றும் இல்லையே" என்றும் சொன்னால் இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள்.

ஹீத்கோட் என்ற ஊரின் ஷிராஸ் வேறு ரகம். கேம்பிரியன் என்ற மிகப் பழைய புவியியல் காலத்துப் பாறை சிதைந்து உருவான செம்மண், நல்ல வெயில், 14.5 சதவீதத்தைத் தொடும் அல்லது தாண்டும் ஆல்கஹால், கறுத்த பழச்சுவை. விறகில் சுட்ட ஆட்டுத் தொடையோடு அது அற்புதம். காரமான கறிக்கு மட்டும் வேண்டாம். மிளகாயின் எரிச்சலை ஆல்கஹால் கூட்டிவிடும். நாக்கு எரியும்போது ஒயினின் பழச்சுவை காணாமல் போய், சூடும் துவர்ப்பும் மட்டுமே மிஞ்சும். ஷிராஸ் நம் சாப்பாட்டுக்கு ஒத்துவராது என்று பலரும் முடிவு கட்டிவிடுவதற்குக் காரணம் இப்படி ஊரைப் பார்க்காமல் வாங்குவதுதான். 13 சதவீதத்து கிராம்பியன்ஸ் ஷிராஸை மிளகு மட்டன் வறுவலோடு ஒருமுறை வைத்துப் பார்த்தால் அந்த எண்ணம் மாறிவிடும்.

பொருத்துவதற்கு நிறைய விதி தேவையில்லை. தட்டில் உள்ள புளிப்பைவிட ஒயினின் புளிப்பு கூடுதலாக இருக்க வேண்டும். எலுமிச்சை பிழிந்த மீனோடு புளிப்புக் குறைந்த ஷார்டனே குடித்தால் ஒயின் தண்ணீராகத் தெரியும். தட்டில் உள்ள இனிப்பைவிட ஒயினின் இனிப்பு கூடுதலாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒயின் புளித்துப் போன மாதிரி இருக்கும். உப்பு ஒயினின் கசப்பை அடக்கும், ஆகவே துவர்ப்பான சிவப்பு ஒயினோடு இறைச்சிக்கு ஒரு சிட்டிகை உப்பு கூடுதல் நல்லது. மீனும் துவர்ப்பான சிவப்பும் சேர்ந்தால் வரும் கவுச்சிக்கு ஒயினில் கரைந்திருக்கும் இரும்புச் சத்தும் ஒரு காரணம். மீன் கொழுப்போடு அது சேரும்போது கெட்ட வாடை கிளம்புகிறது. துவர்ப்புக் குறைந்த பினோ நுவாரில் இந்தத் தொல்லை குறைவு என்பதால் சால்மனோடும் சூரையோடும் அது தப்பிக்கிறது.

இரண்டு பேர் மூன்று மணி நேரம் உட்காருவதாக வைத்துக்கொண்டால் ஒரு மாலை இப்படிப் போகலாம். தொடக்கத்தில் ஆறு சிப்பி, ஆளுக்கு ஒரு கிளாஸ் கிங் பள்ளத்தாக்கு புரொசெக்கோ. காசு கொஞ்சம் கூடப் போனால் பரவாயில்லை என்றால் மெசடன் ஸ்பார்க்ளிங். சிப்பியின் உப்பும் குமிழியின் புளிப்பும் சரியாகப் பொருந்தும். சிப்பியோடு வினிகரில் ஊறிய வெங்காயம் கொடுத்தால் ஒதுக்கி வையுங்கள், அந்த வினிகர் ஒயினைக் கொன்றுவிடும். அடுத்துப் பச்சை கிங்ஃபிஷ் துண்டுகளோடு ஹென்டி ரீஸ்லிங், ஆளுக்கு 75 மில்லி. பிறகு வெண்ணெயில் வதக்கிய காளானோ வறுத்த கோழியோ வரும்போது யாரா ஷார்டனே ஒரு அரைக் கிளாஸ், யாரா அல்லது மார்னிங்டன் பினோ நுவார் ஒரு அரைக் கிளாஸ். இரண்டையும் நடுவில் வைத்து மாற்றி மாற்றிக் குடியுங்கள். காளானுக்குப் பினோவும் கோழித் தோலின் கொழுப்புக்கு ஷார்டனேயும் பொருந்துவது அப்போது நன்றாகத் தெரியும். வாத்து இருந்தால் யோசிக்காமல் பினோ. அதன் பிறகு ஆட்டிறைச்சியும் கிராம்பியன்ஸ் அல்லது ஹீத்கோட் ஷிராஸும். அது காரச் சாஸா வெறும் சுட்ட கறியா என்பதைப் பார்த்து இரண்டில் ஒன்று.

கடைசியில் இனிப்புப் பலகாரத்தைவிட நீலப் பூஞ்சை ஓடும் கிப்ஸ்லேண்ட் சீஸும் 60 மில்லி ரதர்க்ளென் மஸ்கட் என்ற இனிப்பு ஒயினும் சொல்லுங்கள். உலகத்தில் வேறெங்கும் இதே மாதிரி ஒயின் கிடையாது. கொடியிலேயே பழத்தை வதங்க விட்டு, நொதிக்கத் தொடங்கியதும் ஸ்பிரிட் சேர்த்து நிறுத்தி, சூடான தகரக் கொட்டகையில் பீப்பாயில் ஆண்டுக்கணக்கில் வைக்கிறார்கள். நான்கு படிகள் உண்டு: ரதர்க்ளென், கிளாசிக், கிராண்ட், ரேர். முதல் படியின் சராசரி வயது 3 முதல் 5 ஆண்டு, ரேர் 20 ஆண்டுக்கு மேல். உலர் திராட்சை, பனங்கருப்பட்டி, காப்பி எல்லாம் கலந்த மணம். லிட்டருக்கு 180 கிராமுக்கு மேல் சர்க்கரை இருப்பதால் சீஸின் உப்பு அவசியம். பொருத்திப் பார்க்க கிளாசிக் படியே போதும். ரேர் தனியாகக் குடிக்க வேண்டியது, சீஸ் அதை மறைத்துவிடும்.

என்னென்ன தவறாகப் போகும்? மிக அதிகமாக நடப்பது வெப்பநிலைக் கோளாறு. ஜனவரி மாத மெல்பர்னில் சிவப்பு ஒயின் அலமாரியில் 25 டிகிரியில் இருந்து வந்தால் ஆல்கஹால் மூக்கைக் குத்தும். ஷிராஸ் 16 முதல் 18 டிகிரி, பினோ நுவார் 14 முதல் 16 டிகிரியில் இருக்க வேண்டும். பாட்டில் வாங்கியிருந்தால் பத்து நிமிடம் பனிக்கட்டி வாளியில் வைக்கச் சொல்லுங்கள், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். நல்ல ஷார்டனே இதற்கு நேர்மாறு: 4 டிகிரியில் நேராகக் குளிர்பெட்டியிலிருந்து வந்தால் மணமே இருக்காது. கிளாஸை உள்ளங்கையில் பிடித்து 10, 12 டிகிரிக்கு வர விடுங்கள்.

இரண்டாவது, பாட்டில் திறந்து எத்தனை நாள் ஆயிற்று என்பது. திங்கள், செவ்வாய் போகிறவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும். வெள்ளை ஒயின் மூன்றாம் நாளில் வெட்டி வைத்த ஆப்பிள் மாதிரி மணக்கும். அப்படி மணந்தால் திருப்பிக் கொடுக்கலாம். விலை உயர்ந்த பாட்டில்களில் சில இடங்களில் கார்க்கை எடுக்காமல் ஊசி குத்தி ஆர்கான் வாயு செலுத்தி ஊற்றுவார்கள், அதற்கு இந்தப் பயம் குறைவு. ஈர அட்டைப் பெட்டி வாடை வந்தால் அது கார்க்கின் கோளாறு. இங்கே பெரும்பாலும் திருகு மூடி என்பதால் அரிது, ஆனால் வந்தால் தயங்காமல் சொல்லுங்கள். தீக்குச்சி உரசிய வாடை வேறு விஷயம். யாரா ஷார்டனே பலவற்றில் தயாரிப்பாளர் விரும்பியே கொண்டுவரும் கந்தக மணம் அது. கிளாஸைச் சுழற்றி ஐந்து நிமிடம் விட்டால் அடங்கும். அதற்காகத் திருப்பிக் கொடுக்க முடியாது.

இயற்கை ஒயின் என்று விற்கப்படுபவை மெல்பர்ன் பார்களில் நிறைய. கந்தக டையாக்சைடு சேர்க்காமலோ மிகக் குறைவாகவோ செய்தவை. அவற்றில் ஒரு தனிக் கோளாறு உண்டு. முகரும்போது ஒன்றும் தெரியாது. விழுங்கிப் பத்து இருபது வினாடி கழித்து, எலிக்கூண்டு மாதிரி அல்லது ஊசிப்போன பொரி மாதிரி ஒரு சுவை நாக்கில் ஏறும். காரணம், ஒயினின் புளிப்பில் அந்தச் சேர்மங்கள் ஆவியாவதில்லை. எச்சில் கலந்து புளிப்புக் குறைந்ததும் கிளம்புகின்றன. அவற்றில் ஒன்று பாஸ்மதி அரிசிக்கும் ரம்பை இலைக்கும் மணம் தருகிற அதே சேர்மம். சோற்றில் வாசனை, ஒயினில் கேடு. இது எல்லாருக்கும் தெரியாது, ஊற்றுகிறவருக்கே தெரியாமல் இருக்கலாம். ஆகவே இயற்கை ஒயினை ருசி பார்க்கும்போது ஒரு வாய் குடித்துவிட்டு அரை நிமிடம் காத்திருங்கள். அதன் பிறகு தலையாட்டுங்கள்.

அளவு பற்றி: 13.5 சதவீத ஒயின் 150 மில்லியில் ஏறத்தாழ 16 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. ஆஸ்திரேலியக் கணக்கில் ஒரு ஸ்டாண்டர்ட் டிரிங்க் 10 கிராம், ஆக ஒரு கிளாஸ் 1.6 டிரிங்க். மேலே சொன்ன மாலையில் எல்லாவற்றையும் குடித்தால் ஆளுக்குச் சுமார் ஐந்து டிரிங்க் ஆகிறது. வண்டி ஓட்டும் பேச்சே வேண்டாம். முழு உரிமம் உள்ளவர்களுக்கு இரத்தத்தில் 0.05 எல்லை, பயிற்சி உரிமம், தற்காலிக உரிமம் உள்ளவர்களுக்குப் பூஜ்யம். நகர மையத்துக்குள் டிராம் இலவசம். ஒவ்வொரு கிளாஸுக்கும் இடையே ஒரு கிளாஸ் தண்ணீர் குடித்தால் நாக்கும் தெளிவாக இருக்கும்.

நம் சாப்பாட்டுக்கு வருவோம். மெல்பர்னில் பல உணவகங்கள் பாட்டிலை நாமே கொண்டுபோக அனுமதிக்கின்றன. தமிழர் அதிகம் வசிக்கும் டாண்டினாங் பக்கம் போகும்போது தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போனால் திறப்புக் கட்டணம் மட்டும் கொடுத்து வேலையை முடிக்கலாம். யாழ்ப்பாணத்துச் சொதி, தேங்காய்ப் பால் விட்ட மீன், இடியாப்பம் இவற்றோடு நகம்பி மார்சான் மிக நன்றாகப் போகும். அதன் தேன்மணமும் வழவழப்பும் தேங்காய்ப் பாலோடு இழைகின்றன. புளி விட்ட மீன் குழம்புக்கு ஹென்டி ரீஸ்லிங்கில் இலேசான இனிப்பு விட்ட வகையைக் கேளுங்கள். முழுக்க வறண்ட ரீஸ்லிங் புளிக்கு ஈடுகொடுக்கும், ஆனால் மிளகாய்த் தூளுக்கு அந்தச் சிறு இனிப்புத் தேவை. வடை, பஜ்ஜி, பொரித்த கணவாய் எல்லாவற்றுக்கும் புரொசெக்கோ. ஆட்டுக்கறிப் பிரட்டலில் காரம் மிதமாக இருந்தால் கிராம்பியன்ஸ் ஷிராஸ். காரம் தூக்கலாக இருந்தால் கொஞ்சம் குளிரவைத்த யாரா பினோவோ கிங் பள்ளத்தாக்கு ரோஸே என்ற இளஞ்சிவப்பு ஒயினோ. ரசத்துக்கும் ஊறுகாய்க்கும் எந்த ஒயினும் நிற்காது, அவற்றைச் சாப்பிடும் நேரம் கிளாஸைத் தள்ளி வைத்துவிடுங்கள்.